வண்டியிற் பூட்டிய பெருக்கியும் ஒலித்திரிபும்

நல்ல இசை கேட்க விரும்பித் தம் வண்டியிற் புதிதாகப் பெருக்கியொன்றைப் பூட்டுவித்தோர் சின்னாளில் வந்து கூறும் முறைப்பாடு பெரும்பாலும் ஒன்றே: "சத்தம் கூடிவிட்டது, சொல் விளங்கவில்லை." முன்னர்ச் சிறிய செற்றொன்று தனித்துப் பாடியபோது தெளிவாயிருந்த குரல், பெருக்கி வந்தபின் கரகரக்கின்றது. தாழ்தொனி எழுந்தோறும் பாடுவோன் நாக்குழறுகின்றான். பணஞ் செலவிட்டு வாங்கிய பொருள் உள்ள பயனையுங் கெடுத்ததெனின் நோவாதார் யார்? அவருட் பலர் அடுத்துச் செய்வது இன்னும் பெரிய பெருக்கியை வாங்குதலாகும். திரிபு பின்னருந் தீர்வதில்லை. ஸ்பீக்கர்கள் மாத்திரம் ஒவ்வொன்றாய் எரிகின்றன.

இலக்கணங் கற்பிக்கும் யாம் இப்பொருளை எடுத்தது ஏன் என அன்பர் சிலர் வினவலாம். ஒலி எங்குப் பிறந்தது, எங்குத் திரிந்தது என ஆராய்தல் எம் தொழிலுக்குப் புறம்பானதன்று. அன்றியும், எம் பழைய மாணவருட் பலர் வாடகை வான் ஓட்டிச் சீவிப்பவர். கலியாண வீட்டாரும் சுற்றுலாச் செல்வோரும் பாட்டு நன்றாய் ஒலிக்கும் வானையே கேட்டு அமர்த்துகின்றனர் ஆதலின், இஃது அவர்க்கு வெறும் பொழுதுபோக்கன்று, வயிற்றுப்பாடு.

முதற்கண் பெயர்களை வரையறுத்துக் கொள்வோம். வண்டியின் முகப்பில் இருந்து வானொலியையும் பாட்டையும் தருவதைச் செற் என்பர். இருக்கையின் கீழோ பின்புறத்தோ பூட்டப்பட்டு, செற் தரும் மெலிந்த மின்னலையை வலுப்படுத்துவது அம்பிளிபயர். அதனை ஈண்டுப் பெருக்கி என்போம். அவ்வலையைக் காற்றில் அதிர்வாக மாற்றுவது ஸ்பீக்கர். தாழ்தொனிக்கெனத் தனியே வைக்கும் பெரியதனைச் சப்வூபர் என்ப. செற்றிலிருந்து பெருக்கிக்குச் செல்லும் மெல்லிய வடம் ஆர்.சி.ஏ. வடம். பற்றரி யாவரும் அறிந்தது.

செற்றொன்றே போதாதோ, பெருக்கி எதற்கு எனின், அதற்கும் விடை வேண்டும். செற்றின் பெட்டியில் "50 உவாற்று, நான்கு" என அச்சிட்டிருப்பர். வண்டி ஓடும்போது கிடைக்கும் மின்னழுத்தம் ஏறத்தாழ 14.4 உவோற்று. அதனை 4 ஓம் ஸ்பீக்கரில் முழுவதுஞ் செலுத்தினால், அழுத்தத்தின் வர்க்கத்தைத் தடையால் வகுக்க வருவது 52 உவாற்று. ஆயின் அது, நெளிந்து செல்ல வேண்டிய அலை முற்றாய்ச் சதுரமாகிவிட்டபோது வரும் கணக்கு. தூய அலையாக வரத்தக்கது அதிற் பாதி. உள்ளிழப்புகளையுங் கழித்தால் 20 உவாற்றை ஒட்டியே நிற்கும். பெருக்கியோ தன்னுள்ளே அழுத்தத்தை உயர்த்தும் பகுதியொன்றை உடையது. பற்றரியின் 12 உவோற்றை இரண்டு மூன்று மடங்காக்கி வைத்துக்கொண்டு, அவ்வுயரத்துள் அலையை எழுப்புகின்றது. இதுவே பெருக்கியின் சிறப்பு. இவ்வுயரத்துக்கும் ஓர் எல்லை உண்டென்பதை மறந்தவிடத்தே துன்பம் பிறக்கின்றது.

புணர்ச்சியில் வரும் விகாரங்களை நன்னூலார் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்றாக வகுத்தார். வண்டியின் ஒலிக்குற்றங்களையும் அவ்வாறே வகுத்துக் கொண்டால் தேடும் வேலை பாதியாகும். பாட்டில் இல்லாத இரைச்சலோ ஊளையோ புதிதாய் எழுவது தோன்றல். உள்ள ஒலி உருமாறிக் கரகரப்பது திரிதல். இருக்கவேண்டிய ஒலி இல்லாதொழிவது கெடுதல். மூன்றற்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. எஞ்சினை நிறுத்தியதும் மறையும் ஊளைக்குப் பெருக்கியின் கெயினைத் திருகிப் பயனில்லை. கெயின் மிகுதியால் வந்த கரகரப்புக்கு விலையுயர்ந்த வடம் வாங்கியும் பயனில்லை. ஆதலின், கேட்டவுடன் கருவியைக் கழற்றப் புகாது, கேட்பது எவ்வகை என முதலில் துணிக.

அடுத்து, குற்றம் எவ்விடத்தது எனக் காண்டல் வேண்டும். இதற்குக் கருவி எதுவும் வேண்டா. இடப்பக்கக் கதவின் ஸ்பீக்கர் மட்டும் கரகரக்கின்றதெனக் கொள்வோம். செற்றை நிறுத்திவிட்டு, பெருக்கியிற் செருகியுள்ள இட வல ஆர்.சி.ஏ. முனைகளை மாற்றிச் செருகுக. மீள இயக்கியபோது கரகரப்பு வலப்பக்கம் போயிற்றெனின், குற்றம் பெருக்கிக்கு முன்னே, செற்றிலோ வடத்திலோ உள்ளது. இடப்பக்கத்திலேயே நின்றதெனின் பெருக்கியிலோ அதற்குப் பின்னரோ உள்ளது. இனி, அம்முனைகளைப் பழையபடி செருகிவிட்டு, ஸ்பீக்கர்க் கம்பிகளைப் பெருக்கியிடத்தே இடம் வலமாக மாற்றுக. குற்றம் வலக்கதவுக்குப் பெயர்ந்தால் பெருக்கியின் இடப்புரியே குற்றவாளி; பெயராதாயின் கம்பியோ ஸ்பீக்கரோ ஆகும். உடன்பாட்டானும் எதிர்மறையானும் ஒன்றைத் துணியும் முறை இதுவே. ஒவ்வொரு முறையும் மின்னை நிறுத்திய பின்னரே செருகலுங் கழற்றலுஞ் செய்க. செற் இயங்கும்போது ஆர்.சி.ஏ. முனையைப் பிடுங்குவதால், அதன் புறவுறைத் தொடுப்பைக் காக்கும் நுண்ணிய உருகி செற்றினுள்ளே எரிந்துபோதலும் உண்டு. பின்னர் அதுவே புதிய இரைச்சலுக்கு வித்தாகும்.

எல்லா ஸ்பீக்கரும் ஒருங்கே கரகரத்தால், பாட்டின் மூலத்தை மாற்றிப் பார்க்க. கைத்தொலைபேசியிலிருந்து வரும் பாட்டு மாத்திரம் திரிகின்றதோ, வானொலியுந் திரிகின்றதோ? மிகச் சுருக்கிப் பதிந்த கோப்புகளும், பதிவிடத்திலேயே அலைமுடி வெட்டுண்ட பாட்டுக்களும் இன்று மலிந்துள. செற்றும் பெருக்கியும் அவற்றைத் திருத்தமாட்டா. வானொலி பற்றி எம் நாட்டவர் சிறப்பாக அறியவேண்டியது ஒன்றுண்டு. யப்பானிலிருந்து வரும் பழைய வான்களின் செற்றுக்கள் அந்நாட்டுப் பழைய பண்பலை வரிசையாகிய 76 முதல் 90 வரையான மெகாஅதிர்வுக்கென அமைந்தவை. எமது நிலையங்களோ 88 முதல் 108 வரை ஒலிபரப்புவன. இவ்விடைவெளியை நிரப்ப ஏரியற் கம்பியில் சிறு பெட்டியொன்றைச் செருகிவிடுவர். அதன் வழி வரும் வானொலி பெரும்பாலும் சிறிது இரைந்தே கேட்கும். பெருக்கி பூட்டியபின் அவ்விரைச்சலும் பெருகிக் கேட்பதால், பெருக்கி கெட்டதென எண்ணுவர். பெருக்கி தன் வேலையைச் செவ்வனே செய்கின்றது என்பதற்கு அதுவே சான்று!

இனித் திரிதலுக்கு வருவோம். இதன் காரணங்களுள் தலையாயது அலைமுடி வெட்டுண்ணல். கொத்தில் நெல்லைக் குவித்துப் பின் கையால் தலைவழித்தாற் குவிந்த பகுதி போய்த் தட்டையாகும். அதுபோலப் பெருக்கியின் உள்ளழுத்த எல்லைக்கு மேல் எழமுயலும் அலையின் முடியும் அடியும் தட்டையாக வெட்டுண்கின்றன. உருண்ட முடி தட்டையானவுடன் மூலத்தில் இல்லாத மேற்றொனிகள், சிறப்பாக மூன்று, ஐந்து, ஏழு ஆகிய ஒற்றை மடங்குகள், உண்டாகின்றன. செக்கனுக்கு 500 அதிர்வுடைய குரலொலி வெட்டுண்டால் 1500, 2500 அதிர்வுகளும் உடன் பிறக்கும். மெய்யெழுத்துக்களை ஒன்றினின்று ஒன்று பிரித்தறியச் செவி பெரிதும் நாடுவது இவ்வுயர்ந்த பகுதியையே. ல, ள, ழ வேறுபாடு இத்தகைய நுண்ணிய மேற்றொனிகளிற் கிடப்பது. அவ்விடத்தே வேண்டாத ஒலி வந்து நிரம்பினால் சொல் மயங்காது என் செய்யும்?

இன்னொன்றும் நிகழ்கின்றது; தாழ்தொனி எழுந்தோறும் குரல் குழறுவதன் காரணம் இதுவே. பாட்டில் மத்தளமோ கீழ்த்தொனிக் கருவியோ தரும் அலை பெரியது. குரலின் அலை சிறியது. கடலின் பேரலை மேற் சிற்றலை தவழுமாறு குரல் தாழ்தொனியின் முதுகில் ஏறி வருகின்றது. பேரலையின் முடி வெட்டுண்ணும் கணத்தில் அதன் மேலிருந்த சிற்றலையும் உடன் மறைகின்றது. 50 அதிர்வுடைய தாழ்தொனியொன்று இருபுறமும் வெட்டுண்டால், செக்கனுக்கு 100 முறை குரல் அறுந்து அறுந்து வருகின்றது. கேட்போர் ஸ்பீக்கர் கிழிந்ததென்பர். கிழிந்தது ஸ்பீக்கரன்று, அலை.

இவ்வெட்டு நேர்வதற்குப் பெரிதும் ஏதுவாவது கெயின் எனும் திருகு. இதனை ஒலியளவுத் திருகென எண்ணி முற்றத் திருகிவிடுவோர் மிகப் பலர். பூட்டுவோருள்ளும் சிலர் உளர். அது ஒலியளவன்று. செற் தரும் அழுத்தம் எவ்வளவானபோது பெருக்கி தன் முழுவலியை எட்டவேண்டும் என்பதைக் குறிக்கும் அளவுகோல் அது. அதனருகே 0.2 முதல் 6 உவோற்று வரை எழுதியிருக்கும். செற் 2 உவோற்றுத் தரவல்லதாயிருக்கத் திருகை 0.2 இல் வைத்தால், செற் தன் ஆற்றலிற் பத்திலொன்றைத் தந்த மாத்திரத்தே பெருக்கி தன் எல்லையைத் தொட்டுவிடும். அதற்கு மேல் ஒலியளவைக் கூட்டுந்தோறும் கூடுவது திரிபே. அன்றியும் வடத்திற் புகும் சிறிய இரைச்சலும் பத்து மடங்காகிக் கேட்கும்.

கெயினை முறைப்படி அமைக்கும் வழியைச் சிறிது விரித்துக் கூறுதும். வேண்டியவை ஒரு பல்மானியும், முழுவீச்சிற் பதிந்த ஒரே தொனியுடைய ஒலிப்பதிவும். ஸ்பீக்கர்க் கம்பிகளைப் பெருக்கியினின்று கழற்றிவிடுக. செற்றிலும் பெருக்கியிலும் உள்ள தாழ்தொனி, உயர்தொனிக் கூட்டல்கள் அனைத்தையும் பூச்சியத்தில் வைத்து, வடிப்பிகளையும் நிறுத்துக. கெயினை மிகக் குறைத்துவிட்டு, செற்றின் ஒலியளவை முக்காற் பங்கில், 40 எனும் அளவுடையதாயின் 30 இல் நிறுத்துக. எஞ்சினை ஓடவிட்டுத் தொனியை இயக்கி, பெருக்கியின் வாயிலில் ஆடலோட்ட அழுத்தத்தை அளந்துகொண்டே கெயினை மெல்லக் கூட்டுக. எவ்வளவு வரை? வலியின் உவாற்றைத் தடையின் ஓமாற் பெருக்கி வர்க்கமூலங் காண்க. 4 ஓமில் 50 உவாற்றெனின், 200 இன் வர்க்கமூலம் 14.1 உவோற்று. 4 ஓமில் 150 உவாற்றெனின் 24.5 உவோற்று. அவ்வெண் வந்தவிடத்தில் நிறுத்துக. ஈண்டு ஓர் எச்சரிக்கை: மலிவான பல்மானிகள் வீட்டு மின்னின் 50 அதிர்வுக்கென அமைந்தவை. 1000 அதிர்வுத் தொனியில் அவை குறைத்துக் காட்டுதலும் உண்டு. அதனை நம்பினாற் கெயின் மிகும். ஆதலிற் கதவு ஸ்பீக்கர்களுக்கு 100 அல்லது 200 அதிர்வுத் தொனியையும், சப்வூபருக்கு 50 ஐயும் கொள்ளுதல் நன்று. பல்மானி அழுத்தத்தைக் காட்டுமன்றி அலையின் வடிவைக் காட்டாது. வடிவைக் காணவேண்டின் அலைகாட்டி வேண்டும். அஃதுடையார் தட்டையாகத் தொடங்கும் கணத்தையே கண்டு, சிறிது பின்வாங்கி நிறுத்தலாம்.

கெயினைச் செவ்வனே அமைத்தபின்னும் திரிபு வருமாயிற் கூட்டல் திருகுகளை ஐயுறுக. 3 தெசிபெல் கூட்டின் வேண்டப்படும் வலி இருமடங்கு. 6 கூட்டின் நான்மடங்கு. 12 கூட்டின் ஏறத்தாழப் பதினாறு மடங்கு. பெருக்கியில் "பேஸ் பூஸ்ற்" எனும் திருகை 12 இல் வைத்துவிட்டு, செற்றிலும் தாழ்தொனியை உயர்த்தி, 150 உவாற்றுப் பெருக்கி திரிகின்றதென வருந்துவோர், அத்தாழ்தொனிக்கு 2000 உவாற்றுக்கு மேற் கேட்கின்றனர் என்பதை அறியார்.

ஈண்டு யாம் கண்ட ஒரு வண்டியின் கதையைக் கூறுதல் பொருந்தும். அது பழைய மாணவர் ஒருவரின் வாடகை வான். நான்கு புரியுடைய பெருக்கி. முன்னிரு புரிகள் கதவுகளுக்கு, பின்னிரு புரிகள் இணைத்து ஒரு சப்வூபருக்கு. ஓராண்டுக்குள் இரண்டு சப்வூபர் எரிந்துவிட்டன. பூட்டியவர், இது சிறிய பெருக்கி, பெரியது வேண்டும் என்றாராம். அதற்கெனக் கடன்படவும் அவர் ஆயத்தமாயிருந்தார். கெயின் முற்றத் திருகியிருந்ததையும், பேஸ் பூஸ்ற் மிகுந்திருந்ததையும் கண்டு மேற்கூறியவாறு அமைத்தோம். கரகரப்புப் பெரிதுங் குறைந்தது, ஆயினும் மத்தளம் விழுந்தோறும் வண்டியின் விளக்கு மங்கியது, குரலும் தளர்ந்தது. எனவே அழுத்தத்தை அளந்தோம்.

எஞ்சின் ஓட, தாழ்தொனிப் பதிவொன்றைச் சில செக்கன் முழுவலியில் இயக்கியபோது பற்றரியின் முனைகளில் 13.9 உவோற்று இருந்தது. அதே கணத்திற் பெருக்கியின் முனைகளில் 11.4 மாத்திரமே இருந்தது. இடையில் 2.5 உவோற்று எங்கோ மறைந்தது. பற்றரியின் நேர்முனைக்கும் பெருக்கியின் நேர்முனைக்கும் இடையே வைத்து அளந்தால் 0.6; எதிர்முனைகளுக்கிடையே அளந்தால் 1.9. கள்ளன் புவித்தொடுப்பில் இருந்தான். கம்பியின் நுனியை இருக்கையின் காலிலே, மையை உரியாது முடுக்கியிருந்தனர். மை மின்னைக் கடத்தாது. திருகாணியின் புரிகளூடே சிறிது சிறிதாக ஓட்டம் ஒழுகிக்கொண்டிருந்தது.

இவ்விடத்திற் பல்மானியை ஓம் அளவில் வைத்துத் தொடுப்பைச் சோதிப்பவர் ஏமாறுவர். மறைந்த 1.9 உவோற்றை, ஓடிய ஏறத்தாழ 33 அம்பியராற் பிரித்தால் தடை 0.06 ஓம் மாத்திரமே. பல்மானியின் சொந்தக் கம்பிகளின் தடையே அதனினும் பெரிது. ஆதலின் ஓட்டம் ஓடும்போது விழும் அழுத்தத்தை அளத்தலே வழி. அவ்வீழ்ச்சி புவித்தொடுப்பில் கால் உவோற்றைத் தாண்டினால் தொடுப்பைக் கழற்றிப் பார்க்க.

அத்தொடுப்பை மாற்றி, தளத் தகட்டின் மையை வெள்ளை இரும்பு தெரியச் சுரண்டி, அரை மீற்றருக்குட்பட்ட தடித்த கம்பியால் இறுக முடுக்கினோம். வீழ்ச்சி 0.1 உவோற்றாயிற்று. இருக்கைப்பட்டி முடுக்கும் ஆணியை இதற்குப் பயன்படுத்தல் ஆகாது. அது உயிர்காக்கும் ஆணி. நேர்முனைக் கம்பியின் 0.6 உவோற்றுக்குக் காரணம் பிறிதொன்று. 8 சதுர மில்லிமீற்றர்க் கம்பி, 5 மீற்றர் நீளம். தூய செம்பாயின் 33 அம்பியருக்கு 0.35 உவோற்றே விழவேண்டும். நுனியைச் சுரண்டியபோது உள்ளே வெண்மை தெரிந்தது. செம்பு பூசிய அலுமினியம். அதன் கடத்துதிறன் செம்பினதிற் பத்தில் ஆறு பங்கையே ஒட்டியது. இத்தகைய கம்பி விலை குறைந்தது. கடைகளில் மிகுதியாய்க் கிடைப்பது. பயன்படுத்துவோர் ஒருபடி தடித்ததைக் கொள்ளல் வேண்டும்.

அழுத்தம் குறைந்தால் திரிபு ஏன் வருகின்றது எனின், பல பெருக்கிகளின் உள்ளழுத்த எல்லை பற்றரியின் அழுத்தத்தோடு ஏறி இறங்குவது. 13.9 க்குப் பதில் 11.4 கிடைத்தால் வலி மூன்றிலொரு பங்கு குறையும். கூரை தாழ்ந்த வீட்டில் முன்பு தட்டாத தலையும் தட்டுமன்றோ.

அவ்வானில் யாம் கண்டவற்றுள் ஒலியோடு சாராத ஒன்றே எம்மைத் திடுக்கிடச் செய்தது. உருகி பெருக்கியின் அருகே பூட்டப்பட்டிருந்தது. பற்றரியினின்று அதுவரை வந்த கம்பிக்குக் காவலே இல்லை. எஞ்சின் அறையின் தகட்டைத் துளைத்துக் கம்பி உள்ளே நுழையுமிடத்தில் றப்பர் வளையம் இல்லை. தகட்டின் விளிம்பு உறையை அரைத்து, கம்பி தெரியுந் தறுவாயில் இருந்தது. ஒருநாட் குலுக்கத்தில் அது இரும்பைத் தொட்டிருப்பின், பற்றரி நூற்றுக்கணக்கான அம்பியரை அக்கம்பியிற் செலுத்தும். கம்பி பழுக்கக் காய்ந்து, அதனருகிலுள்ள விரிப்பும் பஞ்சும் பற்றும். பின்னிருக்கையில் இருப்போர் யார் என்பதை நினைக்க. உருகி காப்பது பெருக்கியையன்று, கம்பியை. ஆதலின் அது பற்றரியிலிருந்து 45 சென்ரிமீற்றருக்குள் இருத்தல் வேண்டும். அதன் அளவு கம்பி தாங்குவதை மிஞ்சலாகாது. எரிந்த உருகிக்குப் பதில் தாளோ ஆணியோ வைப்பவரோடு ஒரே வண்டியிற் பயணஞ் செய்தல் ஆகாது என்பது எம் துணிபு. வானை அன்றே திருப்பியனுப்பாது, உருகியை இடமாற்றி, றப்பர் வளையமும் இட்டபின்னரே விடுத்தோம். பெரிய பெருக்கி வாங்கும் எண்ணம் அவரைவிட்டு நீங்கியது.

சுமை பற்றியுஞ் சிறிது கூறுதும். 4 ஓம் ஸ்பீக்கர் இரண்டை ஒரே புரியில் அருகருகே தொடுத்தால் பெருக்கி காண்பது 2 ஓம். இரு புரிகளை இணைத்த பெருக்கிகள் பெரும்பாலும் 4 ஓமுக்குக் குறைந்த சுமையைத் தாங்கா. தாங்கமாட்டாமையைத் திரிபாலோ, சூடேறித் தம்மை நிறுத்திக்கொள்வதாலோ உணர்த்தும். ஓட்டத் தொடங்கி அரைமணியில் ஒலி நின்று, ஆறியபின் மீள வருமாயின், சுமையையும் காற்றோட்டத்தையும் பார்க்க. இருக்கை விரிப்பின் கீழ் மூடிவைத்த பெருக்கிக்கு யாழ்ப்பாணத்து நண்பகல் போதும்.

கதவு ஸ்பீக்கர்கள் மாத்திரம் தாழ்தொனியில் அலறுமாயின், அவை தம்மால் இயலாததைச் செய்யப் பணிக்கப்பட்டுள்ளன. ஒரே அளவு ஒலியைப் பாதி அதிர்வெண்ணில் எழுப்பவேண்டின், கூம்பு நான்மடங்கு தூரம் அசைதல் வேண்டும். சிறிய செற் தனித்து ஓட்டியபோது அதன் வலியின்மையே அவற்றைக் காத்தது. பெருக்கி வந்ததும் அக்காவல் நீங்கிற்று. பெருக்கியிலுள்ள உயர்தொனி வடிப்பியை 80 அதிர்வில் அமைத்துத் தாழ்தொனியைச் சப்வூபருக்கு விடுக.

வன்பொருட் குற்றமும் உண்டு. மின்னை நிறுத்தி, கூம்பின் இருபுறமும் விரல்வைத்து மெல்ல உள்ளே அழுத்துக. உராயும் ஓசை கேட்டால் உள்ளிருக்குஞ் சுருள் எரிந்தோ சாய்ந்தோ உளது. ஓசையின்றி அசைந்தும் கரகரத்தாற் கதவின் பலகையையும், கண்ணாடியையும், கூம்பிற் படுங் கம்பியையும் பார்க்க. பல்லாயிரம் ரூபாய்ப் பெருக்கியின் "திரிபு", இலக்கத் தகட்டின் தளர்ந்த ஆணியாக முடிந்ததையும் கண்டுள்ளோம்.

வண்டியோடு வந்த செற்றை வைத்துக்கொண்டே பெருக்கி பூட்டுவோர்க்கு ஒரு சொல். அச்செற்றில் ஆர்.சி.ஏ. வாயில் பெரும்பாலும் இராது. ஸ்பீக்கர்க் கம்பிகளிலிருந்தே அலையை எடுக்க நேரும். அக்கம்பிகள் இரண்டும், பற்றரி அழுத்தத்தின் ஏறத்தாழப் பாதியை நேரோட்டமாகத் தாங்கி நிற்பன; ஒன்றேனும் புவியன்று. அவற்றுள் ஒன்றை வண்டியின் உடலில் தொடுத்தாற் செற் கெடும். பெருக்கியில் "உயர்மட்ட" வாயில் உளதாயின் அதிற் செருகுக. இலதாயின் மட்டமாற்றி எனும் சிறு கருவியை இடையிடுக.

தோன்றலை விரைந்து முடிப்போம். எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஊளை, மின்பிறப்பாக்கியின் துடிப்பு ஒலிவழியிற் கலத்தலால் வருவது. செற்றும் பெருக்கியும் வெவ்வேறிடங்களிற் புவித்தொடுக்கப்பட்டு, அவ்விடங்களின் அழுத்தம் வேறுபட்டால், அவ்வேறுபாடு ஆர்.சி.ஏ. வடத்தின் உறை வழியே ஓடுகின்றது. மின்னை நிறுத்தி வடத்தைப் பெருக்கியிற் கழற்றி, மீள இயக்குக. ஊளை நின்றால் அது முன்னிருந்து வருவது. செற்றின் புவிக்கம்பியையும் பெருக்கியினதையும் நல்ல தொடுப்பாக்குக. வடத்தை மின்கம்பியோடு ஒரே பக்கமாய் ஓட்டாது, வண்டியின் மறுபக்கமாய்க் கொண்டுசெல்க. இரண்டுந் தாண்டியே ஆகவேண்டிய இடத்தில் குறுக்காகத் தாண்டுவிக்க.

கெடுதலுட் பெரும்பான்மையது தாழ்தொனி மறைதல். இரு ஸ்பீக்கர்களுள் ஒன்றன் கம்பிகள் மாறித் தொடுக்கப்பட்டால், ஒன்று வெளியே தள்ளுங்கால் மற்றது உள்ளே இழுக்கும். தாழ்தொனி ஒன்றையொன்று அழிக்கும். ஒன்றரை உவோற்று மின்கலத்தை ஸ்பீக்கரின் முனைகளில் ஒருகணம் தொட்டுப் பார்க்க. நேர்முனை நேர்முனையிற் பட்டாற் கூம்பு வெளியே எழும்.

திரிபு நீங்கிய வண்டியில் ஒன்றை அவதானித்தோம். கரகரப்பு இருந்தபோது செவி நோகும், கை தானே ஒலியைக் குறைக்கும். ஒலி தூயதானபின் அதேயளவு உரத்தும் உரப்பெனத் தோன்றாமையால், ஓட்டுநர் முன்னினும் கூட்டிவிடுகின்றனர். 85 தெசிபெல் ஒலியை நாளொன்றுக்கு எட்டு மணித்தியாலம் கேட்கலாம் என்பது மருத்துவர் கொள்ளும் எல்லை. ஒவ்வொரு 3 தெசிபெல் கூட்டத்துக்கும் நேரம் பாதியாகும். 100 தெசிபெல்லுக்குக் கால் மணி. கொழும்புக்கு ஓர் இரவுப் பயணம் எத்தனை கால் மணி என்பதை வாசகர் கணித்துக் கொள்க.

எல்லாம் அமைந்தபின், கெயின் திருகுகள் நின்ற இடத்தில் மையாற் சிறு புள்ளியிடுக. செற்றின் உச்ச ஒலியளவு, அளந்த அழுத்தங்கள், உருகியின் அளவு, அமைத்த நாள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிப் பெருக்கியின் அடியில் ஒட்டுக. அடுத்து வண்டியைக் கராச்சில் விடும்போது யாரேனும் திருகைத் தொட்டிருந்தால், அப்புள்ளி காட்டிக்கொடுக்கும்.